கடைசி வரியை விட்டுவிட்டு எழுதிய சீட்டு

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்களில் இராஜபாளையத்தில் நானும் என் சிநேகிதனும் சேர்ந்து ஒரு தேகப்பயிற்சிக் கழகம் நடத்தினோம். சேர்ந்து என்று எழுதிவிட்டேன். சரியாகச் சொன்னால், பேசியது நான், தூக்கியது அவன்.

எனக்கு அப்போது பத்தொன்பது வயது. பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, மேலே படிக்க வழியில்லாமல், சும்மா இருக்கவும் முடியாமல் திரிந்தேன். மதுரையில் பழைய புத்தகக் கடையில் உடற்பயிற்சியைப் பற்றிய ஓர் ஆங்கிலப் புத்தகம் கிடைத்தது. அட்டை இல்லை, முதல் இருபது பக்கமும் இல்லை. அதை நான் வேதம்போல வாசித்தேன். தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் நம் ஊரில் உண்டு. பளு தூக்குவது மட்டும் இல்லை, நாம் பின்தங்கியதற்கு அதுவே காரணம் என்று பார்த்தவரிடமெல்லாம் பிரசங்கம் செய்தேன். ஒரு பருத்தி வியாபாரி காலியாகக் கிடந்த தம் கிடங்கைக் காலையில் இரண்டு மணி நேரம் தருவதாகச் சொன்னார். என் தொல்லை தாங்காமல் தந்தார் என்று இப்போது தோன்றுகிறது.

சிநேகிதன் மில்லில் பேல் என்கிற பஞ்சுப் பொதி உருட்டுகிறவன். பஞ்சு பேலை ஓர் ஆள் இடித்து நகர்த்துவதைப் பார்த்திருக்கிறவர்களுக்கு அவன் தோளைப்பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மில்லில் கழித்துப் போட்ட ஓர் இரும்பு ஷாப்டையும் இரண்டு புல்லிச் சக்கரங்களையும் மேஸ்திரியிடம் கேட்டு வாங்கி வந்ததும் அவன்தான். ஷாப்டின் இரு முனையிலும் சக்கரத்தை மாட்டி ஆப்பு அடித்தோம். அதற்குப் பெரிய தண்டு என்று பெயர். கழகத்தில் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேரில் அதைத் தலைக்குமேல் கொண்டுபோகக்கூடியவன் அவன் ஒருவன்தான். தை மாதத்தில் மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் ஆண்டுவிழா என்றும், மதுரையிலிருந்து ஒரு பயில்வான் வந்து பார்ப்பார் என்றும், எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். பயில்வானுக்குக் கடிதம் எழுதியது அதற்குப் பிறகுதான்.

கார்த்திகை மழையில் கிடங்கின் தரை நசநசவென்று இருந்த ஒரு காலையில் அவன் பெரிய தண்டைத் தரையிலிருந்து எடுத்தான். முழங்கால் உயரம் வந்தபோது இடுப்பில் ஏதோ நழுவியதுபோல நின்றான். சத்தம் போடவில்லை. தண்டை மெதுவாக இறக்கிவிட்டு அதன்மேலேயே உட்கார்ந்தான்.

“என்னலே?” என்றேன்.

“ஒண்ணுமில்ல மாப்ள. செத்த நேரம் இருக்கேன்.”

செத்த நேரம் என்பது ஒரு வாரம் ஆயிற்று. சுளுக்கு எடுக்கிறவர் வந்து எண்ணெய் போட்டு நீவினார். வலி இடுப்பிலிருந்து வலது காலுக்கு இறங்கியதுதான் மிச்சம். அவனுக்குத் தாய் தகப்பன் இல்லை. மில்லில் நூலைச் சிட்டமாகச் சுற்றும் பகுதியில் வேலை பார்த்த அக்காள்தான் எல்லாம். அவள் என்னைக் கூப்பிட்டு, “இங்கிலீஷ் புஸ்தகத்தைப் பாத்துக் கூத்துக் காட்டுனேள்லா, இப்ப இங்கிலீஷ் டாக்டரையும் நீங்களே காட்டுங்க தம்பி” என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிக்குப் பக்கத்தில் ஒரு டாக்டர் இருந்தார். வயதானவர், வேதக்காரர், அதாவது கிறிஸ்தவர். எங்கள் பள்ளிக்கூடத்துப் பையன்களை வருஷத்துக்கு ஒருமுறை பார்க்க வருகிறவர் என்பதால் என்னைத் தெரியும். பஸ்ஸில் போனோம். பெட்ரோல் கிடைக்காத காலம். கரியை எரித்து ஓட்டுகிற பஸ். சின்ன மேடு வந்தாலும் ஆண்பிள்ளைகள் இறங்கித் தள்ளவேண்டும். போகும்போது அவன் இறங்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சீட்டில் சாய்ந்திருந்தான். “பயில்வான் உள்ளேயே இருக்காரு, நாமதான் தள்ளணும்” என்று கண்டக்டர் கேலி செய்தார்.

டாக்டர் அவனைக் குப்புறப் படுக்கவைத்து, காலைத் தூக்கிப் பார்த்து, பாதத்தை நகத்தால் கீறிப் பார்த்தார். ஒரு மாதம் அசையாமல் படுக்கவேண்டும் என்றார். ஒரு சின்னக் கண்ணாடி டம்ளரில் பழுப்பான தண்ணி மருந்து ஊற்றிக் குடிக்கச் சொன்னார். அபின் சேர்ந்தது. அவரிடம் மருந்து கையிருப்புக் கொஞ்சம்தான். யுத்தத்தில் எதுவும் வருவதில்லை. ஆகவே, இராஜபாளையத்தில் மருந்துக்கடை பாயிடம் கலந்து வாங்கிக்கொள்ளும்படி ஒரு சீட்டு எழுதித் தந்தார். காகிதப் பஞ்சம் வேறு. பழைய பரீட்சைத் தாள், கல்யாண நோட்டீஸ் என்று எது அகப்படுகிறதோ அதன் முதுகில்தான் எழுதுவார்.

“இங்க பாருப்பா, இதைக் குடிச்சா வலி தெரியாது. அதுக்காக இடுப்பு ஆறிட்டுன்னு நினைச்சிராத. நாயைக் கட்டிப் போட்டா திருடன் வரமாட்டான்னு அர்த்தமா? ஒரு வாரந்தான். அதுக்கு மேல கூடாது. இது கெட்ட மருந்து. கையைப் பிடிச்சுக்கிடும்” என்றார். சீட்டின் கடைசி வரியிலும் அதையே ஆங்கிலத்தில் எழுதிக் கோடு போட்டார்: ஒரு வாரத்துக்கு மட்டும்.

நாங்கள் திரும்பி வந்தது மத்தியானம். பாதி வழியில் பஸ் நின்றது. எல்லோரும் இறங்கினோம். நான் பின்னால் கைவைத்துத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் பார்த்தால், அவன்! தோளைக் கொடுத்துத் தள்ளிக்கொண்டிருக்கிறான். முகமெல்லாம் வியர்வை, சிரிப்பு.

“ஏலே, நீ ஏன்டா எறங்குன?”

“வலியே இல்ல மாப்ள! சத்தியமா இல்ல. அந்தாளு என்னத்தக் குடுத்தாரோ, நூறு பேலு உருட்டலாம் போல இருக்கு.”

அந்த இடத்தில் நான் அவனைப் பிடித்து உட்காரவைத்திருக்க வேண்டும். டாக்டர் நாயையும் திருடனையும் சொல்லி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஆனால் எனக்கு அப்போது ஆண்டுவிழாதான் ஞாபகத்துக்கு வந்தது. “அப்ப தை மாசத்துக்குள்ள தேறிருவே” என்றேன். அவன் இன்னும் பலமாகத் தள்ளினான்.

இரண்டு நாள் படுத்தான். மூன்றாம் நாள் கிடங்குக்கு வந்துவிட்டான். நான் வரச்சொல்லவில்லை, வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. வருமுன் ஒரு அளவு குடித்துவிட்டு வருவான். பாய் கொடுத்த புட்டியின் பக்கத்தில் பல்பல்லாக வெட்டிய காகிதம் ஒட்டியிருக்கும். ஒரு பல் ஒரு வேளை. வலி தெரியாத அந்த நேரத்தில் பயிற்சி செய்தால் இரத்த ஓட்டம் கூடிப் புண் சீக்கிரம் ஆறும் என்று நான் ஒரு சித்தாந்தம் கண்டுபிடித்தேன். அது என் புத்தகத்தில்கூட இல்லை. ஒருவேளை கிழிந்துபோன இருபது பக்கத்தில் இருந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஒரு வாரத்தில் புட்டி காலியானது. பாய் சீட்டின் பின்னால் தம் கடை முத்திரையைக் குத்தித்தான் திருப்பிக் கொடுத்திருந்தார். மறுபடி நீட்டியதும் தலையை ஆட்டினார்.

“ஒரு வாரம்னு போட்டுருக்கு தம்பி. நா ஒருக்காக் குடுத்துட்டேன், சீல் இருக்கு பாருங்க. டாக்டர்ட்ட புதுச் சீட்டு வாங்கியாங்க.”

மருந்து நின்ற அன்று அவனால் குனிந்து வேட்டியை எடுக்க முடியவில்லை. ஆண்டுவிழாவுக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. டாக்டரிடம் போனால் பயிற்சி செய்தது தெரிந்துவிடும். என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பது பள்ளிக்கூடத்தில் பிரசித்தம். யார் எழுத்தையும் பார்த்து அப்படியே எழுதுவேன். வீட்டில் ஒரு பழைய நாள்காட்டித் தாளைக் கிழித்து, அதன் முதுகில், டாக்டரின் சாய்வெழுத்தில், வரி வரியாகப் பிரதி எடுத்தேன். அடியில் அவருடைய கிறுக்கலையும் போட்டேன். ஒரு வாரத்துக்கு மட்டும் என்ற கடைசி வரியை எழுதவில்லை. மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். பேனாவை அந்த இடத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

பாய் சந்தேகப்படவில்லை. டாக்டரின் சீட்டு எப்போதும் இப்படிக் கண்ட காகிதத்தில்தானே வரும்! முத்திரை இல்லாத புதுச் சீட்டு, கலந்து கொடுத்தார். அவர்மேல் தப்பே இல்லை.

ஆண்டுவிழா நன்றாகவே நடந்தது. பயில்வான் வரவில்லை, பதிலும் போடவில்லை. ஆனால் ஊர் வந்தது. கூமாப்பட்டியிலிருந்துகூட ஒரு வண்டி ஆட்கள் வந்திருந்தார்கள். அவன் பெரிய தண்டை எடுத்தான், நெஞ்சுக்குக் கொண்டுவந்தான், தலைக்குமேல் கொண்டுபோனான். நான் உரக்க எண்ணினேன். பத்து எண்ணும்வரை வைத்திருந்தான். அவன் கண்ணில் கருமணி கடுகுபோலச் சுருங்கியிருந்ததைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன். அபின் ஏறினால் அப்படிச் சுருங்கும் என்பது எனக்கு அன்று தெரியாது. தெரிந்திருந்தால் எண்ணுவதை நிறுத்தியிருப்பேனா என்று கேட்டுக்கொள்கிறேன். நிறுத்தியிருக்கமாட்டேன் என்றுதான் படுகிறது.

விழா முடிந்ததும் மருந்தும் முடிந்துவிடும் என்று எண்ணியிருந்தேன். முடியவில்லை. முதலில் பயிற்சிக்காக மருந்து குடித்தான். பிறகு மில்லுக்குப் போக ஒரு பல், திரும்பி வந்து ஒரு பல். பிறகு புட்டியில் காகிதம் ஒட்டியிருந்ததா என்றே அவன் பார்ப்பதில்லை. கிடங்குக்கு வருவான், சட்டையைக் கழற்றமாட்டான். பையன்கள் தண்டால் எடுப்பதைப் பார்த்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருப்பான். எல்லோரும் போனபின், “மாப்ள, சீட்டு” என்பான். கேட்கும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டான். நான் எழுதிக் கொடுப்பேன். ஒரு தடவை, “அளவக் கொஞ்சம் கூட்டிப் போடேன். முன்ன மாதிரி கேக்க மாட்டேங்கு” என்றான். அதையும் செய்தேன். இரண்டு என்ற எண்ணை மூன்று ஆக்குவதற்கு எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்! மொத்தம் எத்தனை சீட்டு எழுதினேன் என்று நினைத்துப் பார்க்க இன்றும் துணிச்சல் வரவில்லை.

மாசி மாதம் அவன் அக்காள் என்னைத் தேடி வந்தாள். மில் விட்டு நேராக வந்திருந்தாள், தலைமயிரெல்லாம் பஞ்சு. கையில் அந்தப் புட்டி.

“ஏலே,” என்றாள். அதுவரை என்னைத் தம்பி என்றுதான் கூப்பிடுவாள். “அவன் எம்புட்டு குடிக்கான்னு தெரியுமா உனக்கு? சோறு இறங்க மாட்டேங்கு. வயிறு போகாமக் கல்லாக் கெடக்கு. நேத்து பேல்மேலயே ஒறங்கிப்போயி மேஸ்திரி தண்ணி ஊத்தி எழுப்பியிருக்காரு. நா பாய்ட்ட போயிக் கேட்டேன். டாக்டரு சீட்டுக் குடுத்துக்கிட்டே இருக்காரும்மாங்காரு. எந்த டாக்டரு? அவன் சீவில்லிபுத்தூருக்குப் போயி மூணு மாசமாச்சு. எனக்கு எழுத்துத் தெரியாது, ஆனா இந்தத் தெருவுல இங்கிலீஷ் எழுதுத கை எத்தனைன்னு தெரியும்.”

அவள் புட்டியை என் கையில் வைத்தாள்.

“போலீசுக்குப் போமாட்டேன். பாய்ட்டயும் சொல்லல. டாக்டர்ட்ட போயி நடந்ததச் சொல்லு. அவருக்குத் தெரிஞ்சாத்தான் மாத்து மருந்து குடுப்பாரு. நா சொன்னா நம்புவாரா? நீ சொல்லணும்.”

“சொல்லுதேன்க்கா. இந்த வாரமே போறேன்.”

போனேன். இந்த இடத்தை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை. சென்னையில் டிரில் மாஸ்டர் பயிற்சிக்கு அப்போது மனுப்போட்டிருந்தேன். அதற்குத் தெரிந்த பெரிய மனிதர் ஒருவரின் நன்னடத்தைப் பத்திரம் வேண்டும். டாக்டர் முன்னமே தருவதாகச் சொல்லியிருந்தார். உள்ளே போனதும் அவரே, “பத்திரத்துக்குத்தானே வந்தே?” என்று சிரித்தார். ஆமாம் என்றேன். எழுதினார், அதற்கு மட்டும் நல்ல தாள் எடுத்தார். கையெழுத்துப் போடும்போது, “உன் கூட்டாளி இடுப்பு எப்படி?” என்று கேட்டார்.

“பரவாயில்ல டாக்டர்.”

பத்திரத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன்.

குற்றமுள்ள நெஞ்சு சும்மா இருக்குமா? ஊர் வந்து சேருவதற்குள் எனக்கு ஒரு யோசனை பிறந்துவிட்டது. எனக்கு எப்போதும் யோசனைகள்தாம் பிறக்கும். டாக்டர் எதற்கு, நானே குணப்படுத்திவிடுகிறேன். சீட்டு எழுதுவதை அடியோடு நிறுத்துவது; மருந்தின் விஷத்தை வியர்வையாக வெளியேற்றுவது. காலையும் மாலையும் பயிற்சி. அவனிடம் சொன்னபோது ஒப்புக்கொண்டான். அவனுக்கும் வெட்கம் இருந்தது. “அம்புட்டுந்தானே, வேர்த்துருவோம்” என்றான். அக்காளிடம், டாக்டரிடம் எல்லாம் சொல்லிவிட்டேன் என்று பொய் சொன்னேன்.

முதல் நாள் எப்படியோ போயிற்று. இரண்டாம் நாள் காலையில் வந்தபோது மூக்கும் கண்ணும் ஒழுகியது. கொட்டாவிமேல் கொட்டாவி. வெயிலில் நின்றும் உடம்பில் புல்லரிப்பு. இரண்டு முறை வெளியே ஓடிப்போய்த் திரும்பினான், வயிற்றுப்போக்கு. விஷம் வெளியேறுகிறது என்று எனக்குச் சந்தோஷம்! பஸ்கி எடுக்கச் சொன்னேன்.

“கால்ல எறும்பு ஊறுது மாப்ள. வலதுகால் எம்பேச்சக் கேக்கல.”

“கேக்கும். நீ எடு. பன்னெண்டு… பதிமூணு…”

பதினாலில் உட்கார்ந்தவன் எழவில்லை. பக்கவாட்டில் சாய்ந்தான். இவ்வளவு நாள் மருந்து மூடி வைத்திருந்த வலியெல்லாம் ஒன்றாக வந்ததுபோல ஒரு கத்துக் கத்தினான். தூக்கி நிறுத்தப் பார்த்தோம். வலது பாதம் துணிபோலத் தொங்கியது.

வாடகைக் கார் ஏது? மில் லாரி ஒன்று நூல் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ரஸ்தாவில் போக இருந்தது. நூல் மூட்டைகளின்மேல் அவனைக் கிடத்தினோம். அக்காள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. டாக்டர் வீட்டு வாசலில் லாரி நின்றதும், “சொல்லிட்டேன்னு சொன்னியே?” என்று மட்டும் கேட்டாள்.

அப்போதுதான் சொன்னேன். அவன் எதிரிலேயே, அக்காள் எதிரிலேயே. சீட்டு, கடைசி வரி, கூட்டிய அளவு, வியர்வைச் சித்தாந்தம், எல்லாம். டாக்டர் கேட்டுக்கொண்டே அவன் பாதத்தைத் தூக்கிப் பார்த்தார். பிறகு ஊசியில் மருந்தை ஏற்றிக்கொண்டே, “பத்திரத்துக்கு வந்தியே. அன்னைக்குச் சொல்லியிருந்தா இந்தக் கால் இப்படி ஆகியிருக்காதுப்பா” என்றார். திட்டுகிற குரல் இல்லை. நோயைச் சொல்லும் குரல்தான். நான் பத்திரத்தை எடுத்து அவர் மேஜையில் வைத்தேன். “அதை நீயே வச்சுக்கோ. அதுல இருக்கது அன்னைக்கு எனக்குத் தெரிஞ்சது” என்றார். எடுத்துக்கொண்டு வந்தேன். சென்னைக்கு அனுப்பவில்லை.

அவனை டாக்டர் தம் வீட்டுப் பின்கட்டில் இரண்டு மாதம் வைத்துக்கொண்டார். மருந்தை ஒரேயடியாக நிறுத்துவது அவனை அடித்துப் போடுகிற வேலை, நீ செய்தது அதுதான் என்றார். வாரத்துக்கு இவ்வளவு என்று தாமே குறைத்துக்கொண்டு வந்தார். வலி கொஞ்சம் இருக்கும், அது இருக்கட்டும் என்று அவனிடம் சொன்னார். உட்கார முடிந்ததும் நடக்கச் சொன்னார். தூக்குவதல்ல, பஸ்கியல்ல, நடை. முதல் நாள் கட்டிலைச் சுற்றி. பிறகு வாசல்வரை. பிறகு தேரடிவரை. நடந்தால் உறக்கம் வரும், வயிறு இளகும், மருந்து நினைப்புக் கொஞ்சம் தள்ளிப்போகும் என்றார். நடை பலித்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வலது பாதம் மட்டும் முழுதாகத் திரும்பவில்லை, இழுத்துத்தான் வைக்கிறான். மில்லில் பேல் வேலை போயிற்று. அக்காள் மேஸ்திரி கையைக் காலைப் பிடித்து, உட்கார்ந்து சிட்டம் கட்டும் வேலை வாங்கிக் கொடுத்தாள்.

ஊருக்கு வந்த பிறகு ஒருநாள் அவன் வீட்டுக்குப் போனேன். சாயங்காலம் மம்சாபுரம் ரஸ்தாவில் நடப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன்.

“நானும் கூட வாரேன்டா, பேச்சுத்துணைக்கு.”

அவன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். நிமிரவில்லை.

“வேண்டாம் மாப்ள. கோவமில்ல. நீ கூட வந்தா நா தேறிட்டேன்னு உனக்குக் காட்டணும்னு இருக்கும். வேகமா நடப்பேன். பொறவு வலிக்கும். வலிச்சா…” மேலே சொல்லவில்லை. “வேண்டாம்.”

அக்காள் அடுப்படியிலிருந்து, “அவன் சொல்லுதது சரிதான் தம்பி” என்றாள். மறுபடி தம்பி என்று கூப்பிட்டாள். அதற்காவது சந்தோஷப்பட்டிருக்கலாம். எனக்கு அழுகைதான் வந்தது.

இது நடந்து மூன்று வருஷம் ஆகிறது. கிடங்கை மறுபடி பருத்திக்கு எடுத்துக்கொண்டார்கள். நான் ஒரு கமிஷன் மண்டியில் கடிதம் எழுதுகிறேன். அவன் இப்போது மருந்தைத் தொடுவதில்லை என்கிறார்கள். அவனைக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

போன வாரம் சாயங்காலம் மம்சாபுரத்தில் ஒரு வசூலை முடித்துவிட்டு நடந்தே ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். எதிரே தூரத்தில் அவன் வந்தான். வலதுகாலை இழுத்து வைத்து, நின்று, மூச்சுவிட்டு, மறுபடி நிதானமாக. அவன் என்னைப் பார்க்கவில்லை. கூப்பிட வாய்வரை வந்துவிட்டது. பார்த்தால் நடையைக் கூட்டிவிடுவான் என்று நினைத்தேன். ரஸ்தாவை விட்டு இறங்கி, கண்மாய்க்கரை வழியாகச் சுற்றி வீட்டுக்குப் போனேன்.